ஊர் குடிக்கிறது, ஊருக்குப் பங்கு இல்லை

பெங்களூரில் வேலை பார்க்கும் கல்லூரி நண்பன் ஒருவன் பொங்கலுக்கு ஊருக்கு வந்திருந்தான். உறையூர் சாலை ரோட்டில் ஒரு டீக்கடை வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தோம். திடீரென்று கேட்டான்.

"டேய், திருச்சிக்குன்னு சொந்தமா ஒரு பீர் இருந்தா எப்படி இருக்கும்? மலைக்கோட்டை படம் போட்டு, காவிரின்னு பேரு வச்சு. ஆளுக்குப் பத்தாயிரம், ஆயிரம் பேரு. ஒரு கோடி ஆச்சா? ஊர்க்காரங்களே முதலாளி."

"உறையூருக்கு ஏற்கெனவே பேர் போன சரக்கு ஒண்ணு இருந்துச்சுடா, சுருட்டு. சர்ச்சில் வாய் வரைக்கும் போச்சுன்னு சொல்லுவாங்க. அதைச் சுத்துன பொம்பளைங்க யாராவது முதலாளி ஆனாங்களா?" என்றேன். சிரித்துவிட்டுப் போய்விட்டான். ஆனால் கேள்வி என்னோடு தங்கிவிட்டது. ஒரு ஊரின் பானத்தில் அந்த ஊர் பணம் போடுவது என்றால் உண்மையில் என்ன? அப்படி எங்கேயாவது நடந்திருக்கிறதா? தமிழ் பேசும் இடங்களில் நடந்திருக்கிறதா? கடந்த சில வாரங்களாகப் படித்ததன் குறிப்புகள் இவை. பீரில் தொடங்கி வேறொரு இடத்தில் போய் நிற்கும். முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

நண்பன் மனதில் இருந்தது பிரூடாக். ஸ்காட்லாந்தில் 2007-ல் ஜேம்ஸ் வாட், மார்ட்டின் டிக்கி என்ற இரண்டு இளைஞர்கள் தொடங்கிய பீர் கம்பெனி. வங்கியிடம் போய் நிற்பதற்குப் பதிலாகக் குடிக்கிறவர்களிடமே பங்கு விற்றார்கள். 'ஈக்விட்டி ஃபார் பங்க்ஸ்' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். ஆண்டுக்கணக்கில் சுற்றுச் சுற்றாக விற்று, இரண்டு லட்சம் பேருக்கு மேல் பங்குதாரர் ஆனார்கள். பாரில் தள்ளுபடி, பிறந்தநாளுக்கு ஓசி பீர், ஆண்டுப் பொதுக்கூட்டம் என்ற பேரில் பாட்டுக் கச்சேரியோடு ஒரு திருவிழா. சமூக முதலீடு பற்றிப் பேசுகிற யாரும் முதலில் காட்டுகிற உதாரணம் இதுதான்.

எனக்கு இந்த உதாரணத்தின் மேல்தான் முதல் சந்தேகம். 2017-ல் டிஎஸ்ஜி என்ற அமெரிக்க முதலீட்டு நிறுவனம் பிரூடாக்கில் ஏறத்தாழ 22 சதவீதம் வாங்கியது. அவர்கள் வாங்கியது முன்னுரிமைப் பங்கு. அதற்கு ஆண்டுக்கு 18 சதவீதம், கூட்டு வட்டி மாதிரி ஏறிக்கொண்டே போகும். கம்பெனியை விற்றால் அந்தத் தொகை முதலில் அவர்களுக்கு, மிச்சம் இருந்தால்தான் சாதாரணப் பங்கு வைத்திருக்கிற பங்க்ஸுக்கு. 18 சதவீதம் கூட்டு வட்டி என்றால் நாலு வருஷத்துக்கு ஒரு முறை இரட்டிப்பு. நம்மூர்க் கந்துவட்டிக்காரர் யாரிடமாவது சொன்னால் மெச்சிக்கொள்வார்.

இதை மோசடி என்று சொல்ல வரவில்லை. எழுதித்தான் இருந்தது, படித்தால் தெரியும். என் குறை வேறு. இரண்டு லட்சம் பேர் கொடுத்தது முதல் மட்டும் இல்லை. தங்கள் வாய்வழி விளம்பரத்தையும் விசுவாசத்தையும் சேர்த்துக் கொடுத்தார்கள். கிடைத்தது, பெரிதாக ஓட்டு மதிப்பில்லாத, சந்தையில் எளிதில் விற்க முடியாத ஒரு தாள். அவர்கள் ஒரு ஊர்க்காரர்களும் இல்லை. உலகம் முழுக்கச் சிதறிக்கிடக்கிற வாடிக்கையாளர்கள். ரசிகர் மன்றம் என்று சொன்னால் சரியாக இருக்கும். ரசிகர் மன்றத்துக்கும் ஊர்ப் பொதுச்சொத்துக்கும் வித்தியாசம் நமக்கு நன்றாகவே தெரியும்.

ஊர்ப் பொதுச்சொத்தாகவே ஒரு பீர் ஆலை இருக்க முடியுமா என்று தேடியபோது கிடைத்தது ஆஸ்திரியாவில் ஃபிரைஷ்டாட் என்ற சின்ன நகரம். கோட்டைமதில் சூழ்ந்த பழைய ஊர். 1363-ல் நான்காம் ருடால்ஃப் என்ற கோமகன் இந்த ஊர்க்காரர்களுக்குப் பீர் காய்ச்சும் உரிமை கொடுத்தான். முதலில் அவரவர் வீட்டில் காய்ச்சினார்கள். 18-ம் நூற்றாண்டில் எல்லோரும் சேர்ந்து ஒரே ஆலை கட்டினார்கள். அந்த ஆலை இன்றைக்கும் மதிலுக்குள் இருக்கிற 149 வீடுகளுக்குச் சொந்தம். ஆட்களுக்கு இல்லை, வீடுகளுக்கு. வீட்டுப் பத்திரத்தோடு பங்கும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பங்கை மட்டும் தனியாகப் பிரித்து விற்க முடியாது. ஆலையில் பங்கு வேண்டும் என்றால் மதிலுக்குள் ஒரு வீட்டைக் கிரயம் பண்ண வேண்டும். வேறு வழியே கிடையாது. ஒவ்வொரு வீட்டுக்கும் இத்தனை 'வாளி' என்று பங்கின் அளவு. அந்தக் காலத்தில் அத்தனை வாளி பீரே வந்து சேரும், இப்போது பணமாக வருகிறது.

நம்மூர் ஆட்களுக்கு இது புரியாத விஷயமே இல்லை. கோயில் பங்கு, ஏரிப் பாசனத்தில் கரைவழி என்று இடத்தோடு ஒட்டிய உரிமையை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம். ஜெர்மனியில் மேல் பலட்டினேட் பகுதியில் சொய்கல் என்று ஒரு வழக்கம் இருக்கிறது. விண்டிஷெஷன்பாக், நோய்ஹவுஸ் மாதிரி ஐந்து ஊர்களில் ஊருக்குப் பொதுவாக ஒரு காய்ச்சும் கொட்டகை. காய்ச்சின சாற்றை அவரவர் வீட்டு நிலவறைக்குக் கொண்டுபோய்ப் புளிக்க வைத்து, தங்கள் முறை வரும்போது வீட்டு வாசலில் ஆறுமுனை நட்சத்திரம் கட்டித் தொங்கவிட்டு விற்பார்கள். அடுத்த வாரம் அடுத்த வீடு. நம் குருக்கள் வீடுகளில் பூசை முறை மாறுவது போல.

இந்த இரண்டிலும் எனக்கு முக்கியமாகப் படுவது வெளியே விற்கத் தடை இருப்பதுதான். பங்கு ஊரை விட்டுப் போக முடியாது. அதனால்தான் இருநூறு வருஷத்துக்கு மேல் ஃபிரைஷ்டாட் ஆலையை யாராலும் மொத்தமாக வாங்க முடியவில்லை. இதற்கு எதிர் உதாரணம் நம் பக்கத்திலேயே இருக்கிறது. 1915-ல் தாமஸ் லீஷ்மன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் தென்னிந்தியாவில் இருந்த ஐந்து சின்ன பீர் ஆலைகளைச் சேர்த்து யுனைடெட் புரூவரீஸ் ஆக்கினார். நீலகிரிக் குளிரில் வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்காகக் காய்ச்சிய ஆலைகளும் அதில் அடக்கம். அப்புறம் விட்டல் மல்லையா, அப்புறம் மகன், 2021-ல் பெரும்பான்மைப் பங்கு ஹாலந்து நாட்டு ஹைனகென் கைக்குப் போனது. வட்டார ஆலைகள் என்று ஐந்து இருந்தன என்பதே இப்போது ஒரு வினாடி வினாக் கேள்வி.

சரி, நண்பனின் கணக்குக்கு வருவோம். ஆயிரம் பேர், ஆளுக்குப் பத்தாயிரம். முதல் தடை டாஸ்மாக் கூட இல்லை, கம்பெனிச் சட்டம். 2013 கம்பெனிகள் சட்டத்தின் 42-ம் பிரிவுப்படி ஒரு நிதியாண்டில் 200 பேருக்கு மேல் பங்கு கொடுக்க முன்வந்தால் அது பொது வெளியீடு ஆகிவிடும், செபி விதிகள் முழுக்க வந்து உட்காரும். இணையம் வழியாகச் சின்னச் சின்னத் தொகையாகப் பங்கு விற்பது அங்கீகாரம் இல்லாதது என்று செபி 2016-ல் எச்சரிக்கையே விட்டது. ஆக, பிரூடாக் வழி இந்தியாவில் கிடையாது.

இந்தத் தொழிலில் காகிதம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு பீரா 91 கதை. தன் கம்பெனிப் பெயரிலிருந்து 'பிரைவேட்' என்ற ஒரு சொல்லை எடுத்தார்கள். பங்குச்சந்தைக்குப் போக ஆயத்தம். பெயர் மாறியதால் ஒவ்வொரு மாநிலத்திலும் லேபிளைப் புதிதாகப் பதிய வேண்டி வந்தது. மாதக்கணக்கில் விற்பனை முடங்கி, பழைய லேபிள் ஒட்டிய சுமார் 80 கோடி ரூபாய்ச் சரக்கு வீணானது. 2023-24-ல் விற்றதைவிட நட்டம் அதிகம். பிடித்த பீர் என்பதற்காக, பட்டியலிடப்படாத அந்தப் பங்கை ஆசையாக வாங்கி வைத்திருந்த சின்ன முதலீட்டாளர்கள் இருந்தார்கள். ஒரே ஒரு சொல்!

இரண்டாவது தடையைப் பற்றித் தமிழ்நாட்டுக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. 1983-ல் மொத்த விற்பனைக்காகத் தொடங்கிய டாஸ்மாக், 2003 நவம்பரிலிருந்து சில்லறை விற்பனையையும் தானே எடுத்துக்கொண்டது. ஆலை யாருடையதாக இருந்தாலும் இந்த மாநிலத்துக் கடைகளுக்கு ஒரே ஒரு வாடிக்கையாளர் வழியாகத்தான் சரக்கு போக முடியும். எந்த பிராண்ட், எத்தனை பெட்டி என்பதை அந்த வாடிக்கையாளர் முடிவு பண்ணுவார். திருச்சி செந்தண்ணீர்புரத்திலேயே பல காலமாக ஒரு வடிப்பாலை இருக்கிறது. அதை 'நம்ம ஊர் சரக்கு' என்று யாராவது பெருமையாகச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? எங்கே காய்ச்சினால் என்ன, கடையில் கொடுப்பதைத்தான் வாங்க வேண்டும்.

2024-25-ல் டாஸ்மாக் வழியாக அரசுக்கு வந்த வருவாய் 48,344 கோடி ரூபாய். இதில் உறையூர் போட்டது எவ்வளவோ. திரும்பி வருவதற்கு ஒரு வழி மட்டும் இருக்கிறது: காலி பாட்டிலைக் கொடுத்தால் பத்து ரூபாய். 2022-ல் நீலகிரியில் நீதிமன்ற உத்தரவால் தொடங்கி மற்ற மாவட்டங்களுக்கும் பரவிய திட்டம். குடிக்கிற தமிழனுக்கு மதுத் தொழிலில் முதலீடு என்று ஒன்று இருந்தால் அது அந்தப் பத்து ரூபாய் டெபாசிட்தான்.

இந்த இடத்தில் ஒரு ஆட்சேபம் எழும், எழ வேண்டும். ஊரே பங்கு போட்டு மதுக்கடை நடத்துவதைப் பற்றி இவ்வளவு சாவகாசமாக எழுதலாமா? கடையை மூடச் சொல்லித்தான் நம் பெண்கள் ரோட்டில் உட்கார்ந்தார்கள். 2015 ஜூலை 31-ல் கன்னியாகுமரி மாவட்டம் உண்ணாமலைக்கடையில் மதுக்கடையை அகற்றக் கேட்டு செல்போன் கோபுரத்தில் ஏறிய சசிபெருமாள் உயிரோடு வரவில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. இதையெல்லாம் வைத்துக்கொண்டு ஃபிரைஷ்டாட் கதை பேசினால், வெளிநாட்டுப் பயணக் கட்டுரை மாதிரி ஆகிவிடும்.

ஆட்சேபத்தை ஏற்கிறேன். ஆனால் அதுவும் இதே கேள்விக்குத்தான் கொண்டுபோய் விடுகிறது. பங்கு என்றால் லாபத்தில் பங்கு மட்டும் இல்லை. எத்தனை மணிக்குத் திறப்பது, யாருக்கு விற்க மாட்டோம், எப்போது மூடுவது என்று சொல்லும் உரிமையும் அதில் சேர்த்தி. இன்றைக்குத் தெருவில் டாஸ்மாக் வருவதில் அந்தத் தெருவுக்கு என்ன சொல் இருக்கிறது? மறியல் ஒன்றுதான்.

இதுவரை பீர். தமிழ்நாட்டில் இந்தக் கேள்வியின் உண்மையான முகவரி பீர் இல்லை, கள்.

காரணம் எளிது. பீருக்கு பார்லி வடக்கிலிருந்து வரணும், ஹாப்ஸ் வெளிநாட்டிலிருந்து வரணும், எஃகுத் தொட்டி, குளிர்பதனம், கோடிக்கணக்கில் முதல். கள்ளுக்கு ஒரு மரம், ஒரு கலயம், ஒரு அரிவாள், உயிரைப் பணயம் வைத்து ஏற ஒரு ஆள். பாளையிலிருந்து சொட்டும்போதே காற்றில் இருக்கும் ஈஸ்ட் வேலையை ஆரம்பித்துவிடும். கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். சில மணி நேரத்தில் போதை ஏறும், ஒரு நாள் தாண்டினால் புளித்துக் காடியாகப் போகும். ஆகவே தூரம் போக முடியாது. உலகத்தில் கைவினைப் பீர்க்காரர்கள் 'உள்ளூர், உள்ளூர்' என்று விளம்பரத்தில் சொல்வதைக் கள் தன் இயல்பாலேயே செய்கிறது. அது தமிழ்நாட்டில் 1987 ஜனவரி 1 முதல் தடையில் இருக்கிறது.

தடைக்கு முன்னால் என்ன நிலைமை? அங்கேதான் இன்றைய கள் ஆதரவாளர்கள் பலருக்கும் ஞாபகமறதி. கள்ளுக்கடை ஏலத்தில் போனது. வெள்ளைக்காரன் காலத்து ஆப்காரி முறையின் தொடர்ச்சி. ஏலம் எடுக்கப் பணம் உள்ளவர் குத்தகைதாரர். மரம் ஏறியவருக்குக் கூலி அல்லது கலயத்துக்கு இவ்வளவு. மரத்திலிருந்து விழுந்து செத்தால் குடும்பத்துக்கு ஒன்றும் இல்லை. ஏல முதலைத் திருப்பி எடுக்க வேண்டிய குத்தகைதாரருக்குச் சரக்கில் தண்ணீரோ வேறெதுவோ கலக்கச் சொல்லி யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. அந்தக் கள்ளுக்கடை கிராமத்து வாழ்வின் இனிய அங்கம் என்று எழுதுகிறவர்கள் குடித்த பக்கத்திலிருந்து எழுதுகிறார்கள். ஏறின பக்கத்திலிருந்து எழுதியவர்கள் குறைவு.

ஏறின பக்கத்துக்குப் பங்கு கிடைத்த இடம் ஒன்று தமிழில் இருக்கிறது. யாழ்ப்பாணம். அங்கே கள்ளுக்கடைக்குத் தவறணை என்று பெயர். தவறணைகளும் குத்தகைக்குத்தான் விடப்பட்டன, குத்தகை எடுத்தவர்கள் வேறு சமூகம், சீவல் தொழில் செய்தவர்கள் ஒடுக்கப்பட்ட சாதியினர். கோயிலுக்குள்ளும் தேநீர்க்கடைக்குள்ளும் நுழைய அவர்கள் போராடிக்கொண்டிருந்த காலம். மாவிட்டபுரம் ஆலயப் பிரவேசப் போராட்டம் நடந்தது 1968-ல். அதற்கு நாலு வருஷம் கழித்து, 1972-ல், தவறணைக் குத்தகை முறையை எடுத்துவிட்டுக் கள் விற்பனையைத் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களிடம் கொடுத்தார்கள். பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்கள் என்று நீளமான பெயர். சீவுகிறவர் கள்ளைச் சங்கத்துக்கு அளப்பார், சங்கம் விற்கும், உறுப்பினருக்குச் சேமிப்பும் நலன்களும் அதன் வழியே.

அதோடு நிற்கவில்லை. பருவத்தில் கள் மிஞ்சும், மிஞ்சினது கெட்டுப்போகும். அதை என்ன செய்வது? வடமராட்சியில் திக்கம் என்ற ஊரில் வடிசாலை வந்தது. மிஞ்சின கள் அங்கே பனஞ்சாராயம் ஆனது. கள்ளைப் போத்தலில் அடைத்து, புலம்பெயர்ந்த தமிழர்கள் வாழும் நாடுகளுக்கும் அனுப்பினார்கள். இத்தனைக்கும் நடுவில் ஒரு போர் நடந்தது. அந்த வடிசாலையைத் தனியாருக்குக் குத்தகைக்கு விடும் பேச்சு அண்மை ஆண்டுகளில் வந்தபோது, இது எங்கள் சங்கங்களின் சொத்து என்று எதிர்ப்பு எழுந்தது. எனக்கு இந்த எதிர்ப்புதான் முக்கியமான ஆதாரம். பங்கு இல்லாதவர்கள் விலை ஏறினால் முணுமுணுப்பார்கள், கடை மூடினால் வேறு கடைக்குப் போவார்கள். குத்தகைக்கு விடாதே என்று வந்து நிற்பவர்கள் உடைமைக்காரர்கள்.

யாழ்ப்பாணச் சங்கங்களைப் பொற்காலமாக்க விரும்பவில்லை. கூட்டுறவு என்றதும் கலப்படம் போய்விடும் என்பதும் பொய். தெலங்கானா, ஆந்திரத்தில் கள் இறக்கும் கவுட் சமூகத்தாருக்குக் கூட்டுறவுச் சங்க உரிமம், தனி ஆளுக்கு மர உரிமம் என்று இரண்டு முறையும் உண்டு. அப்படியிருந்தும் ஐதராபாத்தில் 2025 ஜூலையில் கலப்படக் கள் குடித்துப் பலர் செத்தார்கள். நகரத்துக்குத் தேவைப்படும் கள்ளைக் கொடுக்க நகரத்தைச் சுற்றி மரம் இல்லை, மயக்க மாத்திரைப் பொடி அந்த இடத்தை நிரப்புகிறது. கேரளத்திலும் இதே கணக்குதான். பாலக்காட்டுச் சித்தூர்த் தோப்புகள் தெற்கே எத்தனையோ மாவட்டங்களுக்குக் கள் அனுப்புகின்றன. இறங்குவது இவ்வளவு, விற்பது எப்படி அவ்வளவு என்ற கேள்வி வருஷா வருஷம் வரும். ஆனால் கேரளத்தில் 1969-லேயே கள்ளுத் தொழிலாளர் நல நிதிச் சட்டம் வந்துவிட்டது. தொழிலாளர் சங்கங்கள் கடை எடுத்து நடத்தியதும் உண்டு. ஏறுகிறவருக்கு வைப்புநிதியும் ஓய்வூதியமும் உள்ள ஒரு தொழில் அது. நம்மிடம் அதே மரம், அதே வேலை. இங்கே ஏறினால் வழக்கு.

இப்போது தமிழ்நாட்டுக் கள் இயக்கத்துக்கு வருகிறேன். நல்லசாமி பல ஆண்டுகளாக விடாமல் பேசிவருகிறார். கள் போதைப்பொருள் என்று நிரூபிப்பவருக்குப் பத்துக் கோடி பரிசு என்று அறிவித்தவர். கள் உணவு, அதை இறக்குவது உரிமை என்பது அவர் வாதம். 2025 ஜூனில் சீமான் தூத்துக்குடி மாவட்டம் பெரியதாழையில் பனை ஏறிக் கள் இறக்கிப் போராட்டம் நடத்தினார். ஆலைச் சாராயத்தை அரசே விற்றுக்கொண்டு மரத்துக் கள்ளைக் குற்றமாக்குவதில் நியாயம் இல்லை என்று அவர்கள் கேட்பது சரியான கேள்வி. நானும் அந்தக் கட்சிதான்.

ஆனால் இந்தப் பேச்சுகளையும் பேட்டிகளையும் எத்தனை கேட்டாலும், அடுத்த கேள்விக்குப் பதில் மங்கலாகவே இருக்கிறது. தடை நீங்கின மறுநாள் உரிமம் யார் கையில்? மீண்டும் ஏலமா? டாஸ்மாக்கே கள் வாங்கி விற்குமா? தோப்பு வைத்திருக்கிறவர் தோப்பிலேயே கடை போடுவாரா? 'விவசாயி வாழ்வான், பனையேறி வாழ்வான்' என்று இரண்டு பேரையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்கள். ஆனால் மரம் வைத்திருப்பவரும் மரம் ஏறுபவரும் ஒரே ஆள் இல்லை. தென்மாவட்டங்களில் பனைக்குப் பாட்டம் கட்டி ஏறுகிறவர்கள் உண்டு, மேற்கே தென்னந்தோப்பில் கூலிக்கு ஏறுகிறவர்கள் உண்டு. விலை ஏறினால் முதலில் ஏறப்போவது பாட்டம்.

உரிமையாளர் யார் என்பதற்கு ஒரு மாதிரி ஏற்கெனவே நம்மிடம் வந்திருக்கிறது, யாரும் அவ்வளவாகக் கவனிக்கவில்லை. நீரா. தென்னம்பாளையிலிருந்து இறக்கும் புளிக்காத சாறு. 2018-ல் அதை இறக்கி விற்க அனுமதி கொடுத்தபோது தென்னை விவசாயிகளின் உற்பத்தியாளர் நிறுவனங்கள் உரிமம் பெற்றன. தென்னை வளர்ச்சி வாரியத்தின் அமைப்புப்படி கீழே சங்கம், அதற்கு மேல் கூட்டமைப்பு, உச்சியில் விவசாயிகளே பங்கு வைத்திருக்கிற கம்பெனி. என் நண்பன் கேட்ட 'ஆளுக்குப் பத்தாயிரம், ஊர்க்காரங்களே முதலாளி' திட்டம் சட்டப்படியே இங்கே நடந்திருக்கிறது, புளிக்காத பானத்தில். அதே சாறு வெயிலில் அரை நாள் நின்றால் 1937 மதுவிலக்குச் சட்டம் வந்துவிடும்.

குறை இந்த மாதிரியிலும் அதேதான். பங்குதாரர் தோப்புக்காரர். ஏறுகிறவர் 'நீரா டெக்னீஷியன்'. பெயர் கௌரவமாக இருக்கிறது, பயிற்சியும் கொடுக்கிறார்கள், பங்கு இல்லை. யாழ்ப்பாணத்தில் உறுப்பினர் சீவுகிறவர், பொள்ளாச்சியில் உறுப்பினர் தோப்புக்காரர். இந்த ஒரு வித்தியாசத்தில்தான் எல்லாம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. கள் இயக்கம் தன் கோரிக்கைத் தாளில் முதலில் எழுத வேண்டிய வரியும் இதுதான்.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார், பழைய நெசவாளர். கூட்டுறவுச் சங்கத்தில் நாற்பது வருஷம் உறுப்பினர். அவரிடம் இதையெல்லாம் சொன்னேன். கள் என்றதும் முகத்தைச் சுளித்தார், அவர் அப்பா அதில் அழிந்தவர். இருந்தாலும் சங்கம் என்ற பேச்சு வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

"பைலா எழுதறப்ப உறுப்பினர் யாருன்னு முதல்ல எழுதணும் தம்பி. தறி இருக்கிறவனா, தறியில உக்கார்றவனா? எங்களுக்குள்ளயே அந்தச் சண்டை வந்துச்சு. தறி இல்லாதவனுக்குன்னு தனியாச் சங்கம் வைக்க வேண்டியதாப் போச்சு பல ஊர்ல."

"ஒரு ஆளுக்கு ஒரு ஓட்டுதானே ஐயா?"

"ஓட்டு ஒண்ணுதான். எலெக்‌ஷன் நடந்தாத்தானே ஓட்டு? தனி அலுவலர் வந்து உக்காந்துட்டாருன்னா எந்திரிக்க மாட்டாரு. நீ போடுற பணத்தை விட, கூட்டம் எப்ப நடக்கும்னு எழுதி வாங்கிக்க."

கோ-ஆப்டெக்ஸ் 1935-லிருந்து இருக்கிறது, தமிழ்நாட்டில் கூட்டுறவு அனுபவம் குறைவில்லை. அதில் ஏமாந்த அனுபவமும் குறைவில்லை. பெரியவர் சொன்னது இரண்டாவது பக்கம்.

நண்பனுக்கு இதன் சுருக்கத்தை வாட்ஸாப்பில் அனுப்பினேன். "பீர் கேட்டேன், பனைமரம் ஏத்திட்ட" என்று பதில் வந்தது.

அதற்கடுத்த வாரம் முசிறி பக்கம் போய்விட்டுத் திரும்பும்போது ரோட்டோரம் ஓலைப்பந்தலில் பதநீர் விற்றுக்கொண்டிருந்தார் ஒருவர். தெற்கேயிருந்து பருவத்துக்கு வந்து தங்கி ஏறுகிறவர். பட்டையில் ஊற்றிக் கொடுத்தார். எத்தனை மரம் என்று கேட்டேன். இருபத்திரண்டு, காலையிலும் சாயங்காலமும். யாருடைய மரம்? தோட்டத்துக்காரருடையது, பாட்டம்.

"கள்ளு விட்டாங்கன்னா உங்களுக்கு நல்லதுதானே அண்ணே?"

சிரித்தார். "விட்டா மரத்துக்காரரே கடை போட்டுருவாரு சார். நம்மள ஏறச் சொல்லுவாரு." பட்டையை நீட்டச் சொல்லி இன்னும் கொஞ்சம் ஊற்றினார். அதற்குக் காசு வாங்கவில்லை.